கேட்ட கேள்விக்கே பதில்: நொய்யலும் நீதிமன்றமும்

ஆயக்கட்டுப் பகுதியிலிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, பனியன் தொழிலைச் சேர்ந்த நண்பர்களே, சட்டக் கல்லூரி மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

விவசாயிகளையும் பனியன்காரர்களையும் ஒரே மூச்சில் விளித்துவிட்டேன். ஒரு காலத்தில் இந்த இரண்டு தரப்பும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தது உயர் நீதிமன்றத்தில்தான். இன்று அடுத்தடுத்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில், இரண்டு தரப்புக்குமே பிடிக்காத சிலவற்றைப் பேசப் போகிறேன்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, கெட்டுப்போன ஆற்றை நீதிமன்றம் மேற்பார்வை செய்து மீட்க முடியுமா என்பது. நான் இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். நீதிமன்றம் ஆற்றைப் பற்றி என்ன கேள்வி கேட்கிறது? நீதிபதி ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதில்லை. அவர் முன்னால் வருவது ஆறு அல்ல, பிரமாணப் பத்திரம். அந்தப் பத்திரத்தில் என்ன எழுதப்படும் என்பது, முந்தைய வாய்தாவில் என்ன கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். நொய்யல் வழக்கை இந்த ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்போம்.

வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, பேரூரைத் தொட்டு, கோவைக் குளங்களை நிரப்பி, திருப்பூரை ஊடறுத்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கு அருகே காவிரியில் கலக்கிறது நம் ஆறு. காஞ்சிமாநதி என்று பெயர் பெற்ற ஆறு. அதன் கரையில் இருக்கும் கொடுமணல், சங்க காலத்தில் மணி செய்து பிழைத்த ஊர். தொழிலும் ஆறும் இங்கே சேர்ந்து வாழ்ந்ததே இல்லை என்று யாராவது சொன்னால் கொடுமணலுக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

பிறகு என்ன ஆனது? 1980-களில் பனியன் ஏற்றுமதி ஏறியது. ஏற்றுமதிக்கு வெள்ளை பனியன் போதாது, நிறம் வேண்டும். நிறத்துக்குச் சாயப்பட்டறை வேண்டும், பட்டறைக்குத் தண்ணீர் வேண்டும், கழிவுக்கு ஒரு பள்ளம் வேண்டும். பள்ளமாகக் கிடைத்தது நொய்யல். ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய தொழில்கள் வரக் கூடாது என்று 1989-லேயே அரசாணை 213 சொல்லிவிட்டது. ஆணை கோப்பில் இருந்தது, பட்டறை கரையில் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சாயத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும். தண்ணீருக்குள் நூலும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும் குணம் உடையவை. உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலை நெருங்கும். சாயம் ஏறி முடிந்ததும் உப்புக்கு அங்கே வேலை இல்லை. போட்ட உப்பு ஏறக்குறைய போட்டபடியே கழிவோடு வெளியே வந்துவிடும். ஆக, சாயக் கழிவில் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிகிற நிறம். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத உப்பு. பட்டறைகளில் டி.டி.எஸ். என்பார்களே, அது.

நிறத்தை எடுப்பது சுலபம். சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டுக் கலக்கினால் சாயம் திரண்டு அடியில் சேறாகத் தங்கும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். உப்பு? ரசத்தில் உப்பு கூடிப்போனால் வடிகட்டியால் எடுக்க முடியுமா? கரைந்த உப்பு கரைந்தபடியேதான் இருக்கும். சுண்ணாம்பு போட்டதில் கரைசல் கொஞ்சம் கூடியிருக்கவும் கூடும்!

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போவோம். 1996-ல் கரூர் வட்டத்து நொய்யல் கால்வாய் விவசாயிகள் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். அதே 1996 ஆகஸ்டில்தான் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில், பாலாற்றுக்காக, உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பைத் தந்தது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழலுக்கென்று தனி அமர்வு வேண்டும் என்றது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் வேண்டும் என்றது. காற்று விவசாயிகள் பக்கம் வீசிய நேரம் அது.

1998-ல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. சுத்திகரிப்பு நிலையம் அமையுங்கள், இல்லையென்றால் மூடுங்கள் என்பது அதன் சாரம். நல்ல உத்தரவுதானே? நல்ல உத்தரவுதான். பட்டறைகள் கூட்டுச் சேர்ந்தன. எட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. மற்றவர்கள் தனித்தனியாகக் கட்டிக்கொண்டார்கள். கடன் வாங்கினார்கள், மானியம் வாங்கினார்கள், கையிலிருந்தும் போட்டார்கள். பனியன் நண்பர்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்வது இதைத்தான்: நீதிமன்றம் சொன்னதைச் செய்தோமே!

செய்தீர்கள். மறுக்கவில்லை. நிலையம் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்று பதில் வந்தது. இயங்குகிறதா என்று கேட்டார்கள், இயங்குகிறது என்று பதில் வந்தது. இரண்டுமே உண்மை. ஆனால் அந்த நிலையங்கள் நிறத்தை எடுக்கக் கட்டப்பட்டவை. உப்பு எங்கே போயிற்று என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கருவி எதுவும் அவற்றில் இல்லை. டி.டி.எஸ்., அதாவது கரைந்த திடப்பொருள், லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற அளவு சட்டப் புத்தகத்தில் இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு யாரும் கடைசி வரை போகவில்லை. ஆறு தெளிந்தது போல இருந்தது, உப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

அது ஓடி எங்கே சேர்ந்தது? ஒரத்துப்பாளையம் அணையில். சென்னிமலைப் பக்கம் நொய்யலுக்குக் குறுக்கே கட்டி, 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த அணை. மழை வெள்ளத்தைத் தேக்கிக் கரூர் வரை பாசனம் தர வேண்டும் என்பது திட்டம். தேங்கியது திருப்பூரின் கழிவு. அணையைச் சுற்றியும் கீழேயும் கிணறுகள் உப்பாயின, தென்னை கருகியது, கால்நடை குடிக்க மறுத்தது. தண்ணீர் விடு என்று போராடிய ஆயக்கட்டுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. இந்தத் தண்ணீரை எங்கள் நிலத்துக்கு விட்டுவிடாதே என்று கையெடுத்துக் கும்பிட்ட ஆயக்கட்டு இது ஒன்றாகத்தான் இருக்கும். பாசனத்துக்காகக் கட்டிய அணையின் மதகைத் திறந்து வைப்பதே பாதுகாப்பு என்ற நிலை வந்ததே, அதைவிடப் பெரிய சாட்சி எந்த வழக்குக்கு வேண்டும்?

2003-ல் விவசாயிகள் மறுபடியும் உயர் நீதிமன்றம் போனார்கள், இந்த முறை நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் பெயரில். ஆம், மறுபடியும். நீதிமன்ற மேற்பார்வை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அதில் பாதி உழைப்பு வழக்குப் போட்டவருடையது. அமர்வு மாறும், நீதிபதி ஓய்வு பெறுவார், கோப்பு அலமாரிக்குப் போகும். அதை மறுபடி மேசைக்குக் கொண்டுவர, ஒரு விவசாயி வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்.

2006 டிசம்பரில் வந்தது அடுத்த உத்தரவு. இதில்தான் கேள்வி மாறுகிறது. எத்தனை நிலையம் கட்டினாய் என்பது போய், வெளியே விடுகிறாயா இல்லையா என்பது வந்தது. 2007 ஜூலை 31-க்குள் சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும். நீங்கள் ஜீரோ டிஸ்சார்ஜ் என்று சொல்வது. அதுவரை வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம்: முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10. இந்த பைசாக் கணக்கைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. லிட்டர் கணக்கில் அபராதம் என்றால் லிட்டரை அளந்தே ஆக வேண்டும், அது நல்லது. ஆனால் ஒரு லிட்டர் விஷத்துக்கு ஒரு விலை எழுதிவிட்டால், கட்டுகிறவன் அதை வாடகையாக நினைக்கத் தொடங்குவானே? அப்படித்தான் சிலர் நினைத்தார்கள்.

சாய ஆலை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பூஜ்யக் கழிவு உத்தரவை உறுதி செய்து, மூன்று மாத அவகாசம் தந்தது. மூன்று மாதம் போனது, ஓராண்டும் போனது. அவமதிப்பு மனு வந்தது. 2011 ஜனவரி 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அத்தனை சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

கரூர்ப் பக்கம் அன்று மகிழ்ந்தார்கள். திருப்பூரில் அன்று அழுதார்கள். சாயப்பட்டறையில் வேலை செய்தவர் யார்? பெரும்பாலும் மழை பொய்த்து, நிலத்தை விட்டு வந்தவர்கள். எந்தத் தொழிலை ஆற்றைக் கெடுத்ததற்காகத் தண்டித்தோமோ, அந்தத் தொழிலில் கூலியாக நின்றது இன்னொரு வறண்ட ஊரின் விவசாயி. எட்டு ஆண்டு கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டு, ஒரே நாளில் பூட்டுப் போட்டால், அந்தப் பூட்டின் எடை முதலாளி மீது கொஞ்சமும் தொழிலாளி மீது அதிகமும் விழும். 2011 உத்தரவு தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி மிச்சம் இருக்கவில்லை. அந்த வழிகள் எல்லாம் 1998-க்கும் 2006-க்கும் நடுவே தொலைந்தன.

பூட்டு விழுந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், உப்புக் கரைசலையே அடுத்த முறை சாயமேற்றப் பயன்படுத்தும் சோதனை வெற்றி பெற்றது. முடியவே முடியாது என்று பத்தாண்டு சொல்லப்பட்ட காரியம்! உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர், கரைசல் மறுபயன்பாடு என்று ஒவ்வொன்றாக நிலையங்கள் திறந்தன. பூஜ்யக் கழிவில் ஒரு நகரத்தின் சாயத் தொழிலே நடக்கும் ஊர்களை உலகில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்து காட்டியதற்காகத் திருப்பூரைப் பாராட்டுகிறேன். அதே மூச்சில் இன்னொன்றும்: நெருக்கடி வந்ததும் வேறு ஆற்றுப் படுகைகளுக்குப் போன சாயமும் உண்டு, இரவில் பள்ளத்தில் திறந்துவிட்ட சாயமும் உண்டு. நொய்யல் வழக்கின் உத்தரவு நொய்யலைத்தான் காக்கும். சாயத்துக்கு அந்த எல்லை தெரியாது.

விவசாயிக்கு என்ன கிடைத்தது? இழப்பு ஆணையம் 28,596 பேருக்கு ஏறக்குறைய 25 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. தலைக்கு வகுத்துப் பாருங்கள். ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. ஒரு கிணற்றின் விலையா அது? ஒரு தென்னந்தோப்பின் விலையா? நிலத்தில் ஏறிய உப்பு அந்தப் பணத்துக்கு இறங்கிப் போகுமா?

சரி, சாயத்தை ஒரு வழிக்குக் கொண்டுவந்தோம் என்றே வைத்துக்கொள்வோம். இன்று நொய்யலில் ஓடுவது என்ன? கோவையின் சாக்கடை, திருப்பூரின் சாக்கடை. உக்கடம் குளத்தின் கரையிலோ சிங்காநல்லூர் குளத்தின் கரையிலோ நின்றால் மூக்கு சொல்லும். சாயப்பட்டறையை நீதிமன்றம் பூட்டலாம். ஒரு நகரத்தின் கழிவறைகளைப் பூட்ட முடியுமா? மாநகராட்சியின் மின் இணைப்பைத் துண்டிக்க முடியுமா? குற்றவாளிக் கூண்டில் அரசே நிற்கும்போது நீதிமன்றம் என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, கடல் தாண்டி அர்ஜென்டினா வரை ஒரு நடை போய் வருவோம். புவனோஸ் அயர்ஸ் நகரத்தின் தெற்கு விளிம்பில் ரியாச்சுவேலோ என்றொரு ஆறு. மேலே மத்தான்சா என்று பெயர். நீளம் 64 கிலோமீட்டர், நம் நொய்யலில் பாதிகூட இல்லை. கரையில் முதலில் இறைச்சிக்கு உப்பிடும் கொட்டகைகள் இருந்தன. பார்த்தீர்களா, அங்கேயும் உப்புதான்! 1871-ல் மஞ்சள் காய்ச்சல் நகரத்தை வாரிக்கொண்டு போனது. அரசு அந்தக் கொட்டகைகளைத் தடை செய்தது. முதலாளிகள் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1887-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், பொதுமக்கள் உடல்நலத்தைக் கெடுக்கும் உரிமையை யாரும் சம்பாதித்துக்கொள்ள முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டது. 1887-ல்! அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் தோல் ஆலைகளும் ரசாயனமும் சாக்கடையும் அதே ஆற்றில்தான் விழுந்தன. 1993-ல் ஒரு சுற்றுச்சூழல் செயலர் ஆயிரம் நாளில் சுத்தம் செய்து காட்டுவேன் என்றார். அந்த ஆயிரம் நாள் அங்கே இன்றும் கேலிப் பேச்சு.

2004-ல் ஆற்றங்கரை வாசிகள் பதினேழு பேர் வழக்குப் போட்டார்கள். மெண்டோசா வழக்கு என்று பெயர். எதிர்த்தரப்பில் மத்திய அரசு, மாகாண அரசு, நகர அரசு, கூடவே 44 நிறுவனங்கள். அரசுகள் மூன்றும் ஒன்றையொன்று கை காட்டின. நமக்குப் பழக்கமான காட்சி. நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. பொது விசாரணை வைத்து எல்லோரையும் ஊரறியப் பேச வைத்தது. 2006 இறுதியில் மொத்தப் படுகைக்கும் ஒரே ஆணையம் சட்டத்தின் வழியாக வந்தது. 2008 ஜூலை 8-ஆம் தேதித் தீர்ப்பு அந்த ஆணையத்தைப் பொறுப்பாக்கியது. கெடு தவறினால் ஆணையத் தலைவருக்கே தினசரி அபராதம். பணத்தைத் தேசியத் தணிக்கை அமைப்பு பார்க்க வேண்டும். மக்கள் குறைகேட்பு அலுவலரும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து கண்காணிக்க வேண்டும். நிறைவேற்றலைப் பார்க்கவே ஒரு நீதிபதியை நியமித்தார்கள்.

ஏட்டில் இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. நடந்தது என்ன? மூழ்கிக் கிடந்த பழைய கப்பல்களைத் தூக்கினார்கள். மிதந்த குப்பையை அள்ளினார்கள். கரையோரம் 35 மீட்டருக்கு வெளி உண்டாக்கினார்கள். கரையில் நின்று பார்த்தால் தெரிவதெல்லாம் முதலில் நடந்தது. அந்த 35 மீட்டரிலும் படுகையின் பிற ஆபத்தான இடங்களிலும் குடியிருந்த ஏழைகளுக்கு மாற்று வீடு? 2010-ல் 17,771 குடும்பங்களுக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள், வீடுகள் ஆமை நடையில் வந்தன. பிள்ளைகள் ரத்தத்தில் ஏறிய ஈயம்? சாக்கடையைப் பிரித்துக் கொண்டுபோகும் சுரங்கக் குழாய்? அவை மெல்ல மெல்லத்தான் வந்தன. 2012-ல் மேற்பார்வை நீதிபதியையே மாற்ற வேண்டியதாயிற்று. துப்புரவு ஒப்பந்தங்கள் அவருக்கு நெருக்கமானவர்களின் நிறுவனங்களுக்குப் போனதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அமைப்புகளை உருவாக்கியாயிற்று, மிச்சத்தை உரிய மன்றங்கள் பார்க்கட்டும் என்று தன் மேற்பார்வையை முடித்துக்கொண்டது. ஆறு இன்னும் மீளவில்லை.

நம் ஊர் யமுனையின் கதையும் இதற்குத் தூரமில்லை. 1994-ல் ஒரு பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்த வழக்கு, 2017-ல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது.

அப்படியானால் மேற்பார்வை வீண்தானா? மெண்டோசா வழக்கு இல்லையென்றால் அந்தப் படுகைக்கு ஒரே ஆணையம் வந்திருக்காது, உலக வங்கியின் 84 கோடி டாலர் கடனும் எளிதில் வந்திருக்காது. நொய்யல் உத்தரவு இல்லையென்றால் திருப்பூரில் ஓர் ஆர்.ஓ. ஆலைகூட வந்திருக்காது. பொறுப்பை ஒரு தலையில் கட்டுவதற்கு நீதிமன்றம் போல வல்லவர் இல்லை. ஆனால் அது கேட்கத் தவறியதை யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள். அரசு வக்கீல் சொல்லமாட்டார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லாது, ஆலை முதலாளி சொல்லவே மாட்டார். சொல்ல வேண்டியவர் கீழ்மடைக்காரர்.

அதனால் சட்டக் கல்லூரி மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆற்று வழக்குகளில் அரசு தாக்கல் செய்யும் நிலை அறிக்கைகளைத் தேடிப் படியுங்கள். எத்தனை கோடி ஒதுக்கினோம், எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தோம், எத்தனை நிலையம் கட்டினோம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஆற்றில் இந்த இடத்தில், இந்த மாதம், கரைந்த உப்பு எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு என்ற ஒரு வரி எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். வரவே இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விவசாயிகளிடமும் ஒன்று. பேனா அளவில் டி.டி.எஸ். மீட்டர் இன்று சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. வாரம் ஒரு நாள், அதே கிணறு, அதே மதகு, அதே நேரம். தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆய்வகச் சான்று இல்லாத எண்ணை நீதிமன்றம் ஏற்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்த நாளில், எந்த இடத்தில் ஆய்வக மாதிரி எடுக்க வேண்டும் என்று வாரியத்துக்கு உத்தரவிடக் கேட்க அந்த நோட்டு போதும். பனியன் நண்பர்களும் உங்கள் நிலையத்தின் வாசலில் அன்றன்றைய எண்ணைப் பலகையில் எழுதி வையுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் அதற்குச் செலவு ஒரு சாக்பீஸ்தானே?

அந்த நோட்டை மனுவோடு எப்படி இணைப்பது, எந்தப் பிரிவில் என்ன கோருவது என்பதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான வழக்கறிஞர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் விட்டு அமர்கிறேன்.